மேல்மூடி முதலில்

நாவற்குழிப் பாலத்தில் பஸ்ஸுக்கு ஒதுங்கி
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.
சிரட்டையைச் சீமெந்தில் உரசிய சத்தம்.
பின் இருக்கையில் அளவைச் சங்கிலிக்கும் முக்காலிக்கும் நடுவே
நித்திரையாய்க் கிடந்த துஷிகரன் துள்ளி எழும்பி
"மிஸ், ஆரையும் அடிச்சிட்டமோ?" என்றான்.
இல்லை என்றேன்.
அடித்தது பித்தளையை என்று
அப்போது எனக்குத் தெரியாது.

கோண்டாவிலில் மரியசீலன்
காரைச் சமதரையில் விடச் சொன்னான்.
"சூடு ஆறமுன்னம் பாப்பம்.
வெதுவெதுப்பிலைதான் ஒயில் அடியோடை வரும்."
அடியில் படுத்தவன் முதலில் தேடியது
வடிக்கிற மூடியை அல்ல,
பக்கவாட்டில், கொஞ்சம் மேலே,
செம்மண் பிடித்துப்போய் இருந்த மற்றதை.
ஸ்பனர் போட்டான். ஸ்பனருக்குக் குழாய் போட்டான்.
ஒரு கெட்ட வார்த்தையும் போட்டான்.
டக் என்றது.
"இது கழராமல் கீழை திறந்தா
வெறும் பெட்டியோடை இருந்து அழவேண்டியதுதான்.
ஊத்த வழி கிடக்கோ எண்டு பாத்துப்போட்டுத்தான்
உள்ளதை விடவேணும், அக்கா."

கொழும்பு வேலையை விட்ட கிழமை
நான் அடிமூடியைத்தான் முதலில் திறந்தேன்.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.
ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பாய் வரும் என்று நினைத்த ஒயில்
சாம்பல் பச்சையில் வந்தது.
கூழ்முட்டையும் பழஞ்செருப்பும் கலந்த மணம்.
மூடியின் காந்தத்தில் இரும்பு மயிர் முளைத்திருந்தது.
"உது வழமை" என்று சாரத்தில் துடைத்தான்.
வாளியை வெயிலுக்குத் திருப்பினான்.
மினுங்கியது.
காந்தத்தை விட்டு அலசினான்;
அந்த மினுக்கம் ஒட்ட மறுத்தது.
கன்னாதிட்டி என்றால்
அரித்து எடுத்து நிறுத்திருப்பார்கள்.
"சிங்க்ரோ வளையம்" என்றான்.
"முந்தி ஆர் ஊத்தினது?"

நான்தான்.
இரண்டு வருஷம் முன்பு, ஸ்ரான்லி வீதியில்,
ஒரே நிறத்தில் இரண்டு போத்தல்.
ஒன்றில் ஜீ.எல். நாலு, மற்றதில் ஐந்து.
எழுநூறு ரூபா வித்தியாசம்.
பையில் இங்கத்தை முதற் சம்பளம்.
என்ரை சனிக்கு நாலோ என்று
ஐந்தைத் தூக்கினேன்.
கடைக்காரரும் "நல்ல சாமான்" என்றார்.
நல்ல சாமான்தான்,
கல்லு ஏற்றும் ட்ரக்டரின் பின்னச்சுக்கு.
அதன் கந்தகம் இரும்பைப் பொத்திப் பொத்தி வளர்க்கும்,
பக்கத்தில் இருக்கும் பித்தளையை
ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சமாய்த் தின்னும்.

இந்தமுறை துண்டில் எழுதிக்கொண்டு போனேன்.
எழுபத்தைந்து தொண்ணூறு. நாலு மட்டும்.
"நாலும் அஞ்சும் சேந்தது இருக்கு தங்கச்சி,
எல்லாத்துக்கும் சரிவரும்."
நான் காணி அளக்கிறவள்.
வேலியின் இரண்டு பக்கத்துக்கும் சரிவரும் கோட்டை
இதுவரை கீறியதில்லை.
நாலு மட்டும் என்றேன்.
உள்ளே போய், ஏணி வைத்து,
தூசி தட்டி எடுத்துத் தந்தார்.
மூன்று லீற்றர்.

புனலில் மீன்தொட்டிக் குழாயைச் செருகி
கச்சேரி வரிசையின் வேகத்தில் ஊற்றினோம்.
துஷிகரனுக்குக் கை உளைந்தது.
"போன் கேட்டால் எடுப்பனே?" என்றான். விடவில்லை.
இரண்டே முக்காலில்
துளையின் உதட்டில் ஒரு சொட்டு வந்து
எட்டிப் பார்த்து நின்று
பிறகு வழிந்தது.
"காணும்" என்றான் மரியசீலன்.

இருபாலைச் சந்தி மட்டும் ஓடிப் பார்த்தேன்.
நாலு. மூன்று.
இரண்டு.
சத்தம் போய்விட்டது என்று எழுத ஆசை.
இருக்கிறது,
கூட்டத்தில் பேச எழும்பியவர்
தொண்டையைச் செருமுவது மாதிரி.
தின்றது தின்றதுதான்.
"கிளச்சை வடிவா மிதிச்சு,
நியூற்றலிலை ஒருக்கா நிண்டு,
பேந்து போடுங்கோ" என்று அனுப்பினான்.

பொனற்றுக்குள் பிளாஸ்டர் ஒட்டி
திகதியும் கிலோமீற்றரும் எழுதினேன்.
நாலு என்பதை
பேனை கிழிக்கும்வரை தடிப்பாக்கினேன்.
மிச்சக் கால் லீற்றர் டிக்கியில் கிடக்கிறது.
ஒவ்வொரு வளைவிலும் உருண்டுபோய்
முக்காலியின் காலில் முட்டுகிறது.