முதுகுப் பக்கம்

கூரை ஆண்டெனா நேற்றே முறிந்துவிட்டது,
மோபெனி பாலத்தடியில், என் அவசரத்தால்.
இன்றிரவு என்னிடம் இருப்பது
கைக்கடக்கமான ஒரு ரிசீவரும்
எழுபத்தெட்டுக் கிலோ உடம்பும்.

போதும்.
மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர்;
அலைகளுக்கு அது ஈரச் சுவர்.
ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு
நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற வேண்டும்.
எந்தப் பக்கம் திரும்பும்போது
முள் சோர்ந்து விழுகிறதோ
அதற்கு நேர் எதிரே,
உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது
நீ தேடுவது.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட். மணி ஒன்று பத்து.
பூட்டிய ரொட்டிக்கடை முன், தெருவிளக்கடியில்
தன்னைத்தானே சுற்றும் ஒருவனைப் பார்த்து
மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது:
"கோயில் அந்தப் பக்கம் தம்பி.
காவடிக்கு இன்னும் மாசம் கெடக்கு."
ஜன்னல் மூடிக்கொண்டது. நாய்கள்தான் விடவில்லை.

தேடுவது ஒரு வெள்ளை பக்கி.
வெருலத்தில் முட்டைக்கோஸ் ஏற்றி வந்தவரைத்
துப்பாக்கி காட்டி இறக்கிவிட்டு
ஓட்டிப் போனது.
இந்தத் தொழிலில் வண்டியை ஆறப்போடுவார்கள்,
கஞ்சியை ஆறப்போடுவது போல,
இரண்டு நாள், யாருடைய கராஜிலாவது.
எவரும் மோப்பம் பிடித்து வராவிட்டால்தான் பிரிப்பார்கள்.
இடம் கொடுக்கிறவனுக்கு ஆயிரத்தைந்நூறு ராண்ட்,
கேள்வி கேட்காததற்கும் சேர்த்து.

நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றேன்.
முள் சோர்ந்தது.
பின்னால் என்ன இருக்கிறதென்று
திரும்பாமலே தெரியும்.
பதினோரு வருடமாக இந்தத் தெருவுக்கு
இதே முதுகைத்தான் காட்டி வருகிறேன்.

எதிரொலியாக இருக்கும், என்று சொல்லிக்கொண்டேன்.
தகரக் கூரைகள் பொய் சொல்லும்,
ஈரத் தகரம் கூடுதலாகச் சொல்லும்.
பள்ளிக்கூடச் சுவரோரம் போய் ஒருமுறை சுற்றினேன்.
பெட்ரோல் பங்கருகே ஒருமுறை.
மூன்று கோடுகளும் வரைபடத்தில் வெட்டிக்கொண்டு
முக்கோணம் ஒன்று விழுந்தது.
முக்கோணம் சின்னதாக வரவேண்டும் என்பதுதான்
எங்கள் வேலையின் ஒரே பிரார்த்தனை.
இன்று நான் மாற்றி வேண்டினேன்.
மூன்று வீட்டு அகலம்.
கராஜ் இருப்பதோ நடு வீட்டில் மட்டும்.

கிட்டே போகப் போக வேறு தொல்லை.
சிக்னல் வெள்ளமாகிவிடும்.
உடம்பு மறைத்தாலும் மறைக்காவிட்டாலும்
முள் கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும்;
எல்லாப் பக்கமும் அதுவே போலிருக்கும்.
காதைக் கொஞ்சம் அடைத்தால்தான்
திசை என்ற ஒன்று திரும்பக் கிடைக்கும்.
குமிழைத் திருகி இருபது டெசிபெல் குறைத்தேன்.
இன்னுமொரு இருபது.
உள்ளே அண்ணன் சாக்ரன் இருமினான்.
அதைக் குறைக்கும் குமிழ் இதில் இல்லை.

கண்ட்ரோல் ரூமிலிருந்து புசிசிவே:
"உறுதிதானா? ஹிகின்சன் திருப்பத்தில்
போலீஸ் வண்டி நிற்கிறது.
வீட்டு எண் தெரிகிறதா?"

வாசலில் விளக்கில்லை.
எண் பலகை இருந்த இடத்தில்
துருப்பிடித்த இரண்டு ஆணித் துளைகள்.

நூற்று நாற்பத்தாறு, என்றேன்.