ஆறாம் கூடத்துச் சீழ்க்கை

ஆறாம் கூடத்தில் விளக்கே கிடையாது.
பிலிம் மீது ஒளியுணரும் கூழைப் பூசும் இடம்.
ஒரு தீக்குச்சி போதும்,
நாலு கிலோமீட்டர் பிலிம் பாழ்.
அதனால் அங்கே நடப்பவர்கள் சீழ்க்கையடிப்பார்கள்.
இரண்டு ஸ்வரம்:
வருகிறேன், கையில் பாரம் இருக்கிறது.
எதிரே வருபவர் ஒரு ஸ்வரம்:
சரி, சுவரோடு நிற்கிறேன்.

நான் ஐந்தாம் மாடி, கணக்குப் பிரிவு.
எங்கள் ஜன்னலில் ஷெல்ட் நதி தெரியும்,
சரக்குப் படகுகள் தெரியும்,
வானம் தெளிந்தால் ஆண்ட்வெர்ப் கோபுரம் தெரியும்.
விற்பனைக் கோடு சாய்வது மட்டும்
மூன்று வருடமாக யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தது.
"குளிர்கால மந்தம்" என்று ஒரு காலாண்டில் எழுதினேன்.
"திரையரங்குகள் தயங்குகின்றன" என்று அடுத்ததில்.
எங்கே தயங்கினார்கள்?
கெண்ட் நகரில் என் மைத்துனனின் அரங்கில்
பழைய புரொஜெக்டரைக் கழற்றி நடைபாதையில் வைத்தார்கள்.
ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியது நான்.
நல்ல கனம்.

இயக்குநர் வான் ஹெக்கே தங்கமான மனிதர்.
கெட்ட செய்தி கேட்டால் முகம் வாடிவிடும்.
ஆகவே யாரும் சொல்வதில்லை.
அத்தனை அன்பு எங்களுக்கு.

அந்த நவம்பர் மாலை
திரையில் "நம்பிக்கையோடு முன்னோக்கி" என்ற தலைப்பு.
என் கையில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்,
வீட்டுக்கு அனுப்ப.
மூன்றாவது படம் மாறும்போது மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.
அதன் பராமரிப்புச் செலவை மார்ச்சில் வெட்டியவன் நான்தான்.

கைப்பேசிகள் எல்லாம் வாசல் காவலறையில்,
தொழிற்சாலை விதி.
பன்னிரண்டு மேலாளர்கள்
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல.
ஒருவர் நாற்காலியில் முட்டி வைதார்.
ஒருவர் "அமைதி, அமைதி" என்று
உரக்கக் கத்திக்கொண்டே இருந்தார்.

அப்போது படிக்கட்டில் இரண்டு ஸ்வரம்.

மார்லேன் தெ வோஸ், இரவுப் பணி, ஆறாம் கூடம்.
"வரிசையாக வாருங்கள்.
முன்னால் இருப்பவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
படி முடிகிற இடத்தைச் சொல்வேன்.
எனக்குத் தெரியாத இடத்தில்
தெரியாது என்றும் சொல்வேன்."

அவளுக்குப் பின்னால் நான்.
ஒரு கையில் அவள் சட்டை நுனி,
வெள்ளி உப்பும் சோப்பும் கலந்த வாசனை.
மறு கையில் பட்டியல்.
எழுபத்து மூன்றாவது வரி அவள்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்
இருட்டிலிருந்து வான் ஹெக்கேயின் குரல்,
யாருடைய முகமோ போல ஒரு குரல்:
"பிலிம் தவிர வேறென்ன பூச முடியும் உங்களால்?"

"ஒழுகுகிற எதையும்," என்றாள்.
"முடியில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு.
எட்டு வருடமாக ஆலோசனைப் பெட்டியில்
எழுதிப் போடுகிறோமே. கவனம், இங்கே ஒரு படி உடைந்திருக்கிறது."

பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது.
எந்த டிராயரில் என்று
அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

இப்போது குடிநீர் வடிகட்டும் சவ்வு செய்கிறோம்.
ஆறாம் கூடத்தில் விளக்குகள் எரிகின்றன,
வெள்ளை வெளேரென்று.
முதல் வாரம் எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு
ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

வான் ஹெக்கே ஓய்வுக்குப் பிறகு உரையாற்றப் போகிறார்,
லியேஜ், ராட்டர்டாம், ஒருமுறை ஜெனீவா.
தலைமை பற்றி. இளைஞர்கள் குறிப்பெடுக்கிறார்கள்.
இருட்டுக் கதையைத் தவறாமல் சொல்கிறார்.
அதில் அவர் வரிசையில் முன்னால் நடக்கிறார்.
பொய் சொல்கிறவர் அல்ல அவர்.
அப்படித்தான் ஞாபகம் இருக்கிறதாம்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும்.
பட்டியல் நூற்று நாற்பத்தொன்றாகச் சுருங்கியது.
மறுநாள் காலை, காபி ஆறுமுன்,
எழுபத்து மூன்றாம் வரியை நீக்கினேன்.
எழுபத்து நான்கை விட்டுவிட்டேன்.
லூடோ ஹூசென்ஸ். அவரும் ஆறாம் கூடம்தான்,
அவரும் எட்டு வருடம் எழுதிப் போட்டவர்.
அவர் சட்டையை நான் பிடித்ததில்லை.