ஓரடி

கும்பனியின் மேசையில் ஒரு மரைக்கால்.
பக்கத்தில் ஒரு மனிதன்: பத்தினியன்,
அம்பிளாந்துறை, தென்சேரிக்குப் பாட்டுக் கட்டுகிறவன்.
இரண்டையும் ஒரே தோணியில்தான்
புளியந்தீவுக்குக் கொண்டுவந்தார்கள்.
மரைக்காலைத் துணியால் மூடியிருந்தார்கள், நனையக்கூடாதென்று.

நடுவில் நான்.
ஞாயிறு காலையில் அந்திராசு,
வெள்ளி மாலையில் கதிராமன்.
சம்பளம் அந்திராசுக்கு.

மழை ஏமாற்றிய வைகாசி. ஊரில் கொம்புமுறி.
வடசேரி தென்சேரியை ஏசலாம்,
தென்சேரி வடசேரியை ஏசலாம்,
தாரத்தை, தாயை, மாமன் வீட்டு மாட்டை.
கேட்டால் கண்ணகை குளிர்வாள், மழை வரும்.
அன்றைக்கு இரண்டு சேரியும்
ஒரே பக்கம் நின்று பாடியதுதான் குற்றம்.

"பாடு" என்றான் துரை.
பத்தினியன் தொண்டையைச் செருமி,
சபைக்குப் பாடுகிறவன்போலவே பாடினான்:

   மூவடியால் மண்ணளந்தான் மாயன் – எங்கள்
   வட்டையெல்லாம் ஓரடியால் அளந்தான் துரை;
   மாவலிக்கு மாயனடி தலையில் – இந்த
   மரைக்காலின் அடிவிழுந்த தெம் பானையிலே.

சேவகர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.
ஒருவன் இருமினான். அது இருமல் அல்ல.

அடி என்றால் பாதம்.
அடி என்றால் பாத்திரத்தின் கீழ்.
அடி என்றால் பிரம்பு வந்து விழுவது.
பாட்டில் ஒரு வரியும் அடி,
வீட்டில் அவளைக் கூப்பிட்டாலும் அடி.
ஒல்லாந்தில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு.
நான் பாதத்தை மட்டும் எடுத்தேன்.

மேசையில் இருந்த மரைக்காலின் விலாவில்
ஒன்றின்மேல் ஒன்று கால்போட்டுக் கிடந்தன
கும்பனியின் மூன்று எழுத்துகள்.
அதன் அடியைக் கொல்லன் எவ்வளவு இறக்கியிருக்கிறான் என்று
படுவான்கரையில் மாடு மேய்க்கிற பொடியனுக்கும் தெரியும்.
யாரும் அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

"தங்களைத் தெய்வத்துக்கு ஒப்பிடுகிறான்" என்றேன்.
"உலகை அளந்த தெய்வம்."
தப்பினான் பத்தினியன் என்று நினைத்தேன்.

துரையின் கழுத்து சிவந்தது.
"எந்தத் தெய்வம்?"

வசைக்கு அல்ல, புகழுக்கு விழுந்தது தண்டம்:
கிறிஸ்தவனை விக்கிரகத்தோடு சேர்த்துப் பாடியதற்கு
பன்னிரண்டு இறைசால்.
காசு எங்கே இருக்கிறது? நெல்லாகத் தந்தான்.
அளந்தது அதே மரைக்கால்.
ஒவ்வொரு முறை குவித்துத் தட்டும்போதும்
பத்தினியன் என்னைப் பார்த்தான்.
கோபமாக அல்ல.
எதுகை தேடுகிறவன் பார்க்கிற பார்வை.

அடுத்த வைகாசி. மறுபடி மழையில்லை, மறுபடி கொம்பு.
இந்த முறை உளவாளி தாளில் எழுதியே கொண்டுவந்தான்:

   எழுவானில் அந்திராசு என்பார் – தோணி
   ஏறிவிட்டால் கதிராமன் என்பார்;
   முழுநாக்குக் கேட்டுப்போய்க் கோட்டைக்குள் – பாவம்
   முறிநாக்கு இரண்டோடு வந்தார்!

"யாரைப் பற்றி?"
"என்னைப் பற்றி, ஐயா."

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.
தோணியைச் சொன்னேன், இரண்டு பேரையும் சொன்னேன்,
முறிந்த கொம்புக்கும் முறிந்த நாக்குக்கும் உள்ள உறவைச் சொன்னேன்.
பதினொரு வருஷச் சேவகத்தில்
நான் ஒழுங்காய் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

துரை சிரித்தான். பொய்முடி சரியச் சிரித்தான்.
கண்ணைத் துடைத்தான். "இரண்டு நாக்கு!" என்று
இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான்.

பிறகு சிரிப்பு நின்றது.

"போன வருஷத்துப் பாட்டு," என்றான்,
"அதைத் திரும்பச் சொல்."

வெளியே வாவியில் யாரோ தோணி தள்ளும் சத்தம்.
துரை கையை நீட்டி
மரைக்காலைக் கவிழ்த்து வைத்தான்.