மூன்றாவது கியர்

காக்கி புக்கிட்டில் மூன்றாவது மாடி.
வெள்ளை டொயோட்டா ஒன்று
பல் தேய்த்து, தலை வாரி,
பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி நின்றது.
அதன் பக்கத்தில்தான் இது.
நீல சுபாரு. பன்னிரண்டு வயது.
மூக்கெல்லாம் கல் பட்ட புள்ளிகள்.

"சிஸ்டர், உங்களுக்கு வெள்ளைதான் சரி"
என்றார் டெரன்ஸ் கோ.
வேண்டாம் என்று சொல்லியே விற்கத் தெரிந்த மனிதர்.

என் தேவை மிகச் சின்னது.
உட்லண்ட்ஸிலிருந்து சாங்கி.
விடிகாலை நான்கு மணிக்கு
விமானங்களுக்குச் சமைக்கும் கூடத்தில்
எண்ணூறு ஆம்லெட்டுகளுக்கு நான் பொறுப்பு.
முதல் ரயில் புறப்படும் நேரத்தில்
என் முட்டைகள் ஆறியே போயிருக்கும்.
திரும்பும்போது ஈரச்சந்தையில் மீன்,
சனிக்கிழமை மகளின் ஹாக்கி மட்டை.
அவ்வளவுதான்.
இதற்கு எதற்கு மூக்கின் மேல் காற்றுக்குழி?

சுகுமாரன் ஒரு தாளில் கணக்குப் போட்டார்.
சாலை வரி. காப்புறுதி. தொண்ணூற்றெட்டு பெட்ரோல்.
டைமிங் பெல்ட். கிளட்ச், எப்படியும் ஒரு முறை.
சி.ஓ.இ. இன்னும் இரண்டு வருடம் ஏழு மாதம்,
ஏற்கெனவே நீட்டியது, இனி நீட்ட முடியாது.
கடைசி வரியில் கூட்டுத்தொகை இல்லை.
"யானை" என்று எழுதி
இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஜுல்கிப்ளி டார்ச்சோடு அடியில் படுத்தார்.
வெகுநேரம் கால்கள் மட்டும் தெரிந்தன.
"எண்ணெய் கொஞ்சம் கசியுது, அக்கா.
இது அழுற கார் இல்ல, வேர்க்கிற கார்.
முன்னாடி ஓட்டினவன் சிப்பாங் போயிருக்கான்,
ஆனா ஒரு சர்வீஸ் விடல."
பொறுப்பான முரடன்.
அப்படி ஒருவனை நான் சந்தித்ததே இல்லை.

உபி சாலையில் ஓட்டிப் பார்த்தேன்.
இருபது வருடமாகச் சும்மா இருந்த இடது கால்
தான் எதற்குப் பிறந்தோம் என்பதையே மறந்திருந்தது.
இரண்டு முறை நின்றுபோனது, பின்னால் லாரிக்காரர் ஹாரன்.
மூன்று சிக்னல், ஒரு பேருந்து நிறுத்தம்,
ஐம்பதைத் தாண்டவேயில்லை.
ஆனாலும் கியர்க் குமிழில் ஒரு நடுக்கம்,
பால் பொங்குவதற்குச் சற்று முன்
பாத்திரத்தின் பிடியில் தெரியுமே, அது.

ஏன் என்று அவர் கேட்டார்.
அந்த வெள்ளைக் காரில் நான் போய்ச் சேர்வேன்,
இதில் போவேன்
என்றேன்.
தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது, சலவைக்குப் போய்வந்து.

பத்தாம் நாள் லிஃப்ட் அருகே ஒரு காகிதம்,
அழகான கையெழுத்தில்:
"நீலக் கார் ஓட்டும் தம்பிக்கு,
விடியுமுன் கொஞ்சம் மெதுவாக."
நான்தான் அந்தத் தம்பி.
நாற்பத்து நான்கு வயது,
முட்டியில் கோடாலித் தைலம் தடவிய தம்பி.
அன்றிலிருந்து ஆறாம் தளத்துச் சரிவுகளில்
செருப்பைக் கையில் பிடித்து நடப்பவள்போல்
சத்தம் காட்டாமல் இறக்குகிறேன்.
மேடு வந்தால் கோணலாக ஏறுவேன்.
அப்படியும் தாடை உரசும்.

நெடுஞ்சாலையில் தொண்ணூறுதான், தெரியும்.
இருநூற்றுச் சொச்சம் குதிரைகளைக் கட்டி
மீன் வாங்கப் போகிறேன், அதுவும் தெரியும்.
எனக்குக் கிடைப்பது அந்த இணைப்புச் சாலை மட்டும்,
ஈஆர்பி வளைவுகள் கண் விழிக்காத நேரம்,
இரண்டிலிருந்து மூன்றுக்கு ஒரு தட்டு,
டர்போ ஒரு மூச்சை இழுக்கும்,
என் முதுகை இருக்கை வந்து பிடித்துக்கொள்ளும்.
நான்கு விநாடி. சில நாள் ஐந்து.
அதற்குள் தொண்ணூறு வந்துவிடும், விட்டுவிடுவேன்.

இன்று எண்ணினேன், இரண்டு வருடம் இரண்டு மாதம்.
பிறகு இது கப்பலேறும், இல்லை நசுங்கும்.

அணைத்த பின்னும்
டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருக்கிறது எஞ்சின்.
வலைத்தொப்பிக்குள் முடியைச் செருகியபடி
ஒரு நிமிடம் கேட்கிறேன்.
முட்டைகள் காத்திருக்கட்டும்.