போஞ்சியும் பாஞ்சோவும்

இருக்கைக்கும் பின்தகட்டுக்கும் நடுவே
லொறியில் ஓர் இடுக்கு.
ஜாக்கி, மழைச் சீலை, கிழிந்த ட்யூப்,
திலினவின் ஒற்றைச் செருப்பு
எல்லாம் போக மிஞ்சியதை
வெலிமடையில் லோட் ஏறும்போது அளந்தேன்.
டேப் இல்லை.
கட்டிலிருந்து ஒரு லீக்ஸை உருவி
இடுக்கில் படுக்கவைத்தேன்.
நுனி மடங்கிய இடத்தில்
நகத்தால் ஒரு கீறல்.

அந்த லீக்ஸோடுதான்
பண்டாரவளையில் துவான் ரஹீலின் கடைக்குள் போனேன்.
"மரக்கறிச் சந்தை கீழே" என்றார்,
கண்ணாடியைத் தூக்காமலே.

மூன்று பாஞ்சோக்கள் தொங்கின.

முதலாவது நெடுங்கழுத்து.
ஒரு தட்டுத் தட்டினேன்,
சுவரிலிருந்த கிட்டார்கள் எல்லாம் கூடவே முனகின.
லீக்ஸைப் பக்கத்தில் வைத்தேன்.
ஒரு முழம் கூட.
இதை ஏற்றினால்
திலினவை இறக்க வேண்டும்.

இரண்டாவது
தோசைக்கல்லுக்குக் காம்பு வைத்தாற்போல.
இடுக்கில் போடலாம், மேலே பாணும் வைக்கலாம்.
விலையும் பாதி.
ஆனால் நாலே தந்தி.

எனக்கு அந்த ஐந்தாவது வேண்டும்.
மற்ற நாலும் தலைமாட்டிலிருந்து கிளம்ப
இது மட்டும் கழுத்தின் பாதியில் ஏறும்,
தியத்தலாவையில் ஓடிவந்து தொற்றுகிற பயணி.
ஏறியபின் வாய் மூடாது.
யார் எந்த மெட்டுக்குப் போனாலும்
அது தன் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கும்.
இராத்திரி ஓட்டத்துக்கு
அப்படி ஒருத்தன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவதற்கு ஐந்தும் இருந்தன.
கழுத்து குட்டை,
பதினாறு கட்டையோடு சரி.
கீறலுக்கு ஒரு விரல் உள்ளேயே நின்றது.

"ஆட்டுத்தோல்" என்றார் ரஹீல்,
"தொனியைக் கேளுங்கள்."
கேட்டேன். நல்ல தொனிதான்.
ஆனால் நுவரெலியாப் பனியில் அது தொய்யும்,
தம்புள்ளை வெயிலில் விறைக்கும்.
ஓர் இரவுக்குள் ஆறாயிரம் அடி இறங்குகிறவன்
நிற்கிற இடமெல்லாம் ஆணி முறுக்க முடியுமா?
"பிளாஸ்டிக் போட்டுத் தாருங்கள்."
"தகரச் சத்தம் வரும்."
"என் காதும் தகரம்தான்,
இருபது வருஷம் எஞ்சினுக்கு மேலே இருந்தது."

பின் டயருக்கு வைத்திருந்த காசை எண்ணினேன்.
ஐந்நூறு குறைத்தார்,
லீக்ஸை வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மதியின் அழைப்பு.
"என்ன வாங்கினீங்க?"
"பாஞ்சோ."
லைன் இழுத்தது.
"போஞ்சியா? எத்தனை கிலோ?"
"ரெண்டரை."
"கிலோ என்ன விலை?"
மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
டவர் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ரம்பொடையில் மண் சரிந்திருந்தது.
ஒன்றன்பின் ஒன்றாக லொறிகள்,
விளக்கணைத்து, கண்ணாடி மூடி.
கோவா வேகத் தொடங்கும் வாசனை.
திலின ஜன்னலில் கன்னம் ஒட்டித் தூங்கினான்.
இடுக்கில் கைவிட்டு எடுத்தேன்.
முதுகுப் பக்கத்தில் துவாயைத் திணித்தேன்,
சத்தம் பக்கத்து லொறிக்குப் போகாமல்.

கதவுக்கும் கியருக்கும் நடுவே
கழுத்து இடிக்காமல் பொருந்தியது.
மிகவும் சரியான தெரிவு என்று நினைத்த அந்த நிமிஷம்
ஐந்தாம் தந்தியின் ஆணி
போய் ஹோர்னை அழுத்தியது.

பாதை திறந்தாயிற்று என்று
பின்னால் ஒரு எஞ்சின் எழும்பியது.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
வளைவு வளைவாக மேலே வரை
மஞ்சள் விளக்குகள் பனிக்குள் விழித்தன.
"போவமா?" என்றான் திலின, கண் திறக்காமல்.

முன் லொறிக்காரர் இறங்கி வந்தார்,
தலையில் பொலித்தீன் உறை.
டார்ச்சை மடியில் அடித்தார்.
"என்ன அது?"
"பாஞ்சோ."
"எனக்கும் போஞ்சிதான்" என்றார்,
"விடியுமுன் போகாவிட்டால் எறிய வேண்டியதுதான்."

மிதிபலகையில் குந்திக்கொண்டார்.
துவாயை எடுத்துவிட்டேன்.