செல்லாக் காசு

உருக்காலை வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
டிபன் பாக்ஸ், குடை, துணியில் சுற்றிய ஒரு வட்டம்.
"என்னம்மா இது, தோசைக்கல்லா?"
காசு என்றேன்.
"இவ்வளவு பெருசா? எந்த நாட்டுக் காசு?"
செல்லாக் காசு என்றேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

வெண்கலம். என் உள்ளங்கையைவிட அகலம்.
ஒரு சிங்கம், தலைக்கவசம் போட்ட ஒருத்தி,
அவள் நீட்டும் மாலைக்குக் கீழே
கட்டம் கட்டி ஒரு பெயர்:
மலாக்கி டெவேன்.
பதவி போடவில்லை. செத்த பிறகு
தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுதான்.

சான்றிதழ் எழுதுகையில் தாலுகா ஆபீஸ் கிளார்க்
டெவேனைத் தேவன் ஆக்கினார்.
அப்புறம் தலையைத் தூக்கி
"எந்தப் பக்கம் தேவர் நீங்க?" என்றார்.
கெர்ரி பக்கம் என்றார் அப்பா.
கேரளாவா என்றவர் எழுதியும் விட்டார்.

கெர்ரியில் கல்தான் நன்றாக விளையும்.
வீட்டில் ஐந்து பையன்கள், இரண்டு ஜோடி பூட்ஸ்.
மார்பு முப்பத்துமூன்று அங்குலம் இருந்தால்
மூன்று வேளை சோறு என்று கேள்விப்பட்டு
மூச்சை இழுத்துப் பிடித்து நின்றவன்.
தன் ஊரை ஆண்டவர்களின் சட்டைதான்
அவன் போட்ட முதல் புதுச் சட்டை.

காய்ச்சல் தணிய ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள்.
அங்கே செசிலி காப்பிக் கொட்டை தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.
அவனுக்கு இங்கிலீஷ் இரண்டாம் பாஷை.
அவளுக்கு அது பாஷையே இல்லை.
எப்படிப் பேசிக்கொண்டார்களோ,
எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

தந்தி வந்தது தை மாதம்,
பழம் நிறுக்கும் நேரம்.
ரைட்டர் அருளப்பன் தராசை நிறுத்தவில்லை.
இருபத்தெட்டு ராத்தல் என்று எழுதிவிட்டு
அதே குரலில் படித்தார்:
டைக்ரிஸ் நதிக்கரை, இருபத்தொன்றாம் தேதி.
வெறுங்கூடையோடு நின்றாள்.
கூலி போட்டார்கள். வாங்கிக்கொண்டாள்.
வயிற்றில் ஏழு மாதம்.

கடிதம் அதற்கும் பிறகு வந்தது.
சேறு. குளிர்.
கழுதைகளுக்கும் எங்களுக்கும் ஒரே தண்ணீர்.
பையன் பிறந்தால் என் அப்பன் பெயரை வை.
ஏமன் என்பது அந்த ஊரில்
தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர்.
அருளப்பன் எழுத்துக் கூட்டி
"எமன்" என்றார்.
களத்துப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.
"அவன்தான் ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டானே"
என்றாள் செசிலி.

பூ மழைக்குத் தோட்டம் வெளுத்த வாரம் பிறந்தவன்
சவரிமுத்து ஆனான்.
அந்தச் சித்திரையில்தான் டப்ளினில்
அதே சட்டைக்காரர்கள்
மலாக்கியின் சனத்தைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.
டப்ளின் என்று ஓர் ஊர் இருப்பதே
செசிலிக்குத் தெரியாது.
யுத்தம் முடிந்து தபாலில் வந்த வெண்கலத்தில்
விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் மாண்டான் என்று
விளிம்பைச் சுற்றி எழுதியிருந்தது.
படிக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை அவள்.
அருளப்பன் படித்தவரை போதும் என்றிருக்கலாம்.
காப்பித்தூள் டப்பாவுக்கு மூடி தொலைந்திருந்தது.
சரியாகப் பொருந்தியது.

எனக்கு வேலை நாணய வில்லை வெட்டும் பிரிவில்.
முகமில்லாத வட்டங்கள் ஷிப்ட் முழுக்கக் கொட்டும்.
சிங்கத்தை வேறு ஊரில் அடிப்பார்கள்.
லேபில் கொடுத்துப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.
செம்பு அதிகம், வெள்ளீயம் கொஞ்சம் என்றார் காளியப்பன்.
பிறகு கூச்சத்தோடு,
"ஓரமெல்லாம் காப்பிப் பிசுக்கும்மா."

சாயங்காலம் கதவைத் திறந்தால்
சின்னவன் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறான்.
அடுத்த மாதம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
"எழுபத்தேழு இருக்கணும், விரிச்சா எண்பத்திரண்டு.
டேப்பைப் பிடிம்மா."
பிடித்தேன்.
மூச்சை இழுத்தான்.
எண் தெரிகிறது.
டேப்பின் இரு முனையும் என் விரலுக்குள்
அவன் நெஞ்சு இடிக்கிறது.
"சொல்லும்மா" என்கிறான்,
காற்றை வெளியே விடாமல்.