கடித்தவளுக்கு

உன்னை நான் பார்த்ததில்லை.
இந்த ஊரில் உன் இனமே கிடையாது.
புந்தா அரேனாஸில் அக்டோபரிலும் ஆறு டிகிரி.
காற்று ஆளைத் தூக்கும் நாட்களில்
பிடித்து நடப்பதற்கென்று
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
கொசுவலை வேண்டுமென்றால்
கடைக்காரனுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டும்.

ஆனாலும் வந்தது.
முதலில் முழங்கையில், பிறகு வயிற்றில்,
கொதிநீர் பட்டதும் நண்டின் ஓட்டில் ஏறுமே
அப்படியொரு சிவப்பு.
கண்ணிலும்.
நண்டு உடைக்கும் ஆலையில்தான் எனக்கு வேலை.
மேற்பார்வைக்காரி என் கையுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு
ஒவ்வாமை, வீட்டுக்குப் போ என்றாள்.
பதினோரு வருஷம் ஒத்துக்கொண்ட நண்டு
இன்றைக்கா ஒவ்வாமல் போகும்?

டாக்டர் மிலிச் கேட்டாள்:
எங்கே பயணம் போனாய்?
எங்கும் இல்லை.
கடைசியாக ஊரைத் தாண்டியது?
மூன்று வருஷம் முன்பு, அத்தை சாவுக்கு, படகில்.
வீட்டில் வேறு யாராவது?

நிபால்டோ.
கொலம்பியாவில், புவெனவென்துரா துறைமுகத்தில்,
கிரேன்களுக்கு வெல்டிங் வேலை, நாலு மாதம்.
வந்து இரண்டு வாரம்.
காய்ச்சல் இருந்ததா?
அங்கே மூன்று நாள், லேசாக.
நெருப்பைப் பார்த்துப் பார்த்துக்
கண் சிவந்ததென்று நினைத்தானாம்.

பேனாவை மூடினாள்.
வந்த பிறகு நீங்கள் இருவரும்
என்று ஆரம்பித்து
வாக்கியத்தை அப்படியே விட்டாள்.
நான் முடித்து வைத்தேன்:
வந்த இரவே. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.
நாலு மாதம், டாக்டர்.

உனக்கு மட்டும் சொல்கிறேன்.
அவன் ஃபோன் எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளில்
எவளோ ஒருத்தியை நான் செய்துவைத்திருந்தேன்.
மழையில் நனைந்த தோள்.
சிரித்தால் தெரிகிற ஒரு தங்கப்பல்.
பிரிந்திருந்தபோது மாறாத என் மேனி நிறம்
கூடிய பின் மாறியபோது
முதலில் அவள் ஞாபகம்தான் வந்தது.
ஊசி ஏறும்போது கேட்டேவிட்டேன்:
அங்கே ஒரு பெண்ணா, டாக்டர்?

சிரிக்காமல் சொன்னாள்:
கொசு. ஆமாம், பெண் கொசு.
ஆண் கடிப்பதில்லை.
முட்டை வைக்க இவளுக்குத்தான் ரத்தம் வேண்டும்.

ஆக, இருந்திருக்கிறாய்.
காலில் வெள்ளை வளையம் போட்டவள்.
இருட்டுக்குக் காத்திராமல் பட்டப்பகலில் வருபவள்.
சோடா மூடி கொள்ளும் தண்ணீர் போதும் உனக்கு, பிறந்துவிட.
ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு
என்ன விட்டுப் போனாய் என்று
உனக்கே தெரியாது.
அவன் ரத்தத்தை விட்டு எப்போதோ போய்விட்டதாம்.
விந்தில் மட்டும் குடியிருக்கிறதாம்,
வாடகை தராமல், மாதக்கணக்கில்.

நீ இந்நேரம் செத்திருப்பாய்.
உனக்கு ஆயுளே சில வாரம்தான் என்கிறார்கள்.
பிள்ளைகளுக்காகக் கடித்தாய், சரி.
நாங்களும் அந்த இரவு
பிள்ளைக்காகத்தான், கொஞ்சம்.
மீதி, சும்மா.

மூன்று குப்பிகள் சாந்தியாகோ போயிருக்கின்றன.
இரண்டு என்னுடையவை, ஒன்று அவனுடையது.
எனக்கு நாள் தள்ளி ஐந்தாகிறது.
காய்ச்சலிலும் தள்ளும் என்கிறாள் டாக்டர்,
என்னைப் பார்க்காமல், மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு.
மருந்துக்கடைப் பையில்
ஆறு மாதத்துக்கான ஆணுறைகள்,
அவற்றின் அடியில்
நான் இன்னும் பிரிக்காத ஒரு சின்னப் பெட்டி.

துண்டுப் பிரசுரத்தை நாலாவது முறை வாசித்துவிட்டு
நான் எதுவும் செய்யவில்லை என்றான் நிபால்டோ.
தெரியும் என்றேன்.
அதுதான் கஷ்டம்.
ஏதாவது செய்திருந்தால்
மன்னிக்கவாவது ஆள் கிடைத்திருக்கும்.

நேற்றிரவு தூக்கத்தில்
தன் கழுத்தில் தானே
படீரென்று ஓர் அறை விட்டான்.
எழுந்து விளக்கைப் போட்டேன்.
அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.
வெறும் உள்ளங்கை.